காரல் வெளிச்சம், காறல் வெளிச்சம்

போன மாதம் தேவகோட்டையில் அயித்தை வீட்டுக்குப் போனபோது பட்டாலையில் புதிதாக ஒரு விரிப்பு கிடந்தது. யோகா பாய் மாதிரி, ஆனால் கொஞ்சம் தடிமன், உள்ளே பொடிக்கல் வைத்துத் தைத்தது போலக் கைக்கு நெறுநெறுவென்று இருந்தது. "மூட்டுவலிக்கா அயித்தை?" என்று கேட்டேன். "மூட்டுக்கு மட்டும் இல்லப்பா, செல்லுக்கு" என்றார். நான் போனைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். உடம்பில் இருக்கிற செல்லாம்.

கதை இதுதான். ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் இலவசக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். மனித உடம்பின் ஒவ்வொரு செல்லும் வெளிச்சம் விடுகிறது, அந்த வெளிச்சத்தால்தான் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, வயதாக ஆக அந்தப் பேச்சு குழறிப்போகிறது, இந்த விரிப்பில் தினம் அரை மணி நேரம் படுத்தால் மறுபடி சீராகிவிடும். "கேவலம் பாக்டீரியாவே வெளிச்சம் விட்டுப் பேசுதாம்டா, வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சிட்டானாம், அப்ப நம்ம உடம்பு பேசாதா?" என்று அயித்தை என்னையே கேட்டார். விலை 18,500 ரூபாய். தவணையும் உண்டாம்.

முழுப் பொய்யாக இருந்திருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன். இதில் பாதிக்கு மேல் உண்மை, அதுதான் தொல்லை. பாக்டீரியா வெளிச்சம் விடுவது உண்மை. பாக்டீரியா பேசிக்கொள்வதும் உண்மை. நம் உடம்பு வெளிச்சம் விடுவதும்கூட உண்மைதான். மூன்று உண்மையையும் ஒரே நூலில் கோத்து, முடிச்சை மட்டும் தப்பான இடத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அயித்தையிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

நான் காரைக்குடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். இப்போது எல்லாம் டிஜிட்டல்தான், ஆனால் அப்பச்சி காலத்து டார்க் ரூம் பின்னால் அப்படியே இருக்கிறது, சிவப்பு பல்பும் ஹைப்போ வாடையுமாக. கதவிடுக்கில் நூலிழை வெளிச்சம் வந்தால்கூட பேப்பர் கறுத்து வீணாகும்; அதற்காக நான் வாங்கிய குட்டுகள் கணக்கில்லை. அதனால் "மிக மெல்லிய வெளிச்சம்" என்று யாராவது சொன்னால் என் மனசு உடனே கேட்பது: எவ்வளவு? எத்தனை வினாடி எக்ஸ்போஷர்?

முதலில் கண்ணால் பார்த்த வெளிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் நான்காவது படிக்கும்போது ஒரு மார்கழி. தொண்டியிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருபவர் அன்று காரல் மட்டும்தான் வைத்திருந்தார். மலிவான மீன், முள் அதிகம், சின்னதாகத் தகடு மாதிரி பளபளவென்று இருக்கும். அப்பத்தா ஒரு கூறு வாங்கி, பாதியை ஆய்ந்து குழம்பு வைத்துவிட்டு, மீதியை லேசாக உப்புப் பிரட்டி மண்சட்டியில் போட்டு அடுப்படிக் கட்டில் வைத்திருந்தார், மறுநாள் வெயிலில் காயப்போடலாம் என்று. ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தேன். கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் முகப்பிலிருந்து பின்கட்டுக்கு நடப்பதற்குள் பகலிலேயே பயம் வரும், ராத்திரியில் கேட்க வேண்டாம். அடுப்படியைத் தாண்டும்போது பார்க்கிறேன், தரையில் நிலா விழுந்து கிடப்பது போல வெளுப்பாக ஏதோ. மேலே ஓடுதான், நிலா வர வழியே இல்லை. சட்டிக்குள்ளே மீன் ஒவ்வொன்றும் வெளுத்த சாம்பலாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் வீடே எழுந்துவிட்டது.

அப்பத்தா வந்து பார்த்தார். பயப்படவே இல்லை. "கடல் வெளிச்சம்டா தம்பி, மீனோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கு, கழுவுனாப் போயிரும்" என்று சொல்லி, குடத்துத் தண்ணீரை ஊற்றி மூன்று முறை அலசினார். போய்விட்டது. மறுநாள் அதைக் குழம்பு வைத்து எல்லோரும் சாப்பிட்டோம் என்பது தனிக் கதை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் நீங்கள் செய்யாதீர்கள்.

எத்தனையோ வருடம் கழித்துத்தான் அப்பத்தா சொன்ன மூன்றுமே சரி என்று தெரிந்துகொண்டேன். கடலோடு வந்தது, ஒட்டிக்கொண்டு வந்தது, நல்ல தண்ணீரில் போய்விடும். காரல் மீனின் தொண்டைக் குழாயைச் சுற்றி வளையம் போல ஒரு ஒளி உறுப்பு இருக்கிறது. அதற்குள் குடியிருப்பது ஃபோட்டோபாக்டீரியம் லயோக்னாதி என்ற பாக்டீரியா. பெயரே காரல் குடும்பத்தின் அறிவியல் பெயரிலிருந்து வந்ததுதான். பாக்டீரியா வெளிச்சம் தரும், மீன் சோறும் வீடும் தரும். அந்த வெளிச்சத்தை மீனின் காற்றுப்பையில் உள்ள வெள்ளிப் பூச்சு திருப்பிக் கீழ்நோக்கி அனுப்புகிறது, வயிறு முழுக்க மெல்லிதாக ஒளிரும். அடியிலிருந்து பார்க்கிற பெரிய மீனுக்கு, மேலே இருக்கிற வானத்து வெளிச்சத்தோடு கலந்து காரலின் நிழல் தெரியாமல் போகும். வேண்டாதபோது மறைக்கத் தசையால் ஆன ஒரு திரையும் உண்டு. ரிஃப்ளெக்டர், டிஃப்யூசர், ஷட்டர்! நான் பாங்க் லோன் போட்டு வாங்கிய சாமான்கள் எல்லாம் கிலோ நூறு ரூபாய் மீனின் வயிற்றுக்குள் இருக்கின்றன.

மீன் செத்த பிறகு அந்த பாக்டீரியா வெளியே பரவும், தோலில் இருப்பவையும் பெருகும். கடல் உப்பு போன்ற உப்பு கிடைத்தால் குஷி. நல்ல தண்ணீர் பட்டால் உள்ளே நீர் புகுந்து செல் வெடித்துப்போகும், வெளிச்சமும் முடிந்தது. குடத்துத் தண்ணீரின் ரகசியம் அதுதான்.

காற்று வேண்டும் என்பதை 1660களிலேயே ராபர்ட் பாயில் என்ற ஆங்கிலேயர் கண்டுவிட்டார். ஒளிரும் மட்கிய மரத்தையும் ஒளிரும் மீனையும் கண்ணாடி ஜாடிக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தார். வெளிச்சம் மங்கியது. காற்றை விட்டார், திரும்ப வந்தது. ஆக்சிஜன் என்ற பெயரே பிறக்காத காலம், பாக்டீரியாதான் காரணம் என்பதும் தெரியாது. இப்போது தெரிந்தது என்னவென்றால், லூசிஃபரேஸ் என்ற நொதி, பி2 வைட்டமின் வழியாக வரும் ஒரு பொருளையும் ஆல்டிஹைடு ஒன்றையும் ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கிறது, சூடு இல்லாமல். வருவது 490 நானோமீட்டர் பக்கத்து நீலப்பச்சை. ஆனால் நான் பார்த்தது வெளுத்த சாம்பல் நிறம் என்று சொன்னேனே? அது கண்ணின் கோளாறு. இருட்டில் நிறம் பார்க்கும் செல்கள் தூங்கிவிடும், கறுப்பு வெள்ளை மட்டும் பார்க்கும் செல்கள்தான் வேலை செய்யும். கேமராவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அரை நிமிஷம் திறந்து வைத்தால் நீலப்பச்சை அப்படியே வந்துவிடும்.

சரி, பேச்சுக்கு வருவோம்.

ஒளிரும் பாக்டீரியாவைப் புதுச் சத்துநீரில் கொஞ்சமாக விட்டால் உடனே ஒளிராது. பெருகிக்கொண்டே இருக்கும், இருட்டாகவே இருக்கும். ஒரு கட்டத்தில், பல மணி நேரம் கழித்து, திடீரென்று எல்லாமாகச் சேர்ந்து பற்றிக்கொள்ளும். இது ஏன் என்று துருவிப் பார்த்தவர்கள் ஹார்வர்டில் இருந்த உட்லேண்ட் ஹேஸ்டிங்ஸும் கென் நீல்சனும். 1970இல் அவர்கள் கூட்டாக எழுதிய கட்டுரையில் சொன்னது: ஒவ்வொரு பாக்டீரியாவும் ஏதோ ஒரு பொருளை வெளியே விடுகிறது, அது சுற்றி உள்ள நீரில் சேரச் சேர, குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வெளிச்சத்துக்கான ஜீன்கள் திறக்கின்றன. பாக்டீரியாவாவது, ஒன்றை ஒன்று கேட்பதாவது என்று அன்று பலரும் அதை லேசாக எடுத்துக்கொண்டார்கள். 1981இல் அந்தப் பொருள் இன்னதென்று பிரித்துக் காட்டியபிறகு வாய் அடைத்தது. கோரம் சென்சிங் என்ற பெயர் 1994இல்தான் வந்தது.

கோரம் என்றால் சங்கத்துக் கூட்டத்தில் 'கோரம் இல்லை, ஒத்திவைக்கிறோம்' என்பார்களே, அதே கோரம். ஆனால் நம் ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று இருக்கிறது: புள்ளி. எங்கள் ஊர்களில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. ஊருக்கு எத்தனை புள்ளி என்றுதான் கணக்கு, கோயில் திருப்பணி என்றால் புள்ளிக்கு இவ்வளவு வரி. ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவு கட்டுவதால், யாரும் வீடுவீடாகப் போய்த் தலை எண்ண வேண்டாம், வசூலான தொகையைப் பார்த்தாலே ஊரில் எத்தனை புள்ளி என்று சொல்லிவிடலாம். பாக்டீரியா செய்வது அச்சாக இதுதான். எண்ணத் தெரியாது, ஆனால் வசூல் தெரியும். வசூல் போதுமான அளவு சேர்ந்தால் விளக்குப் போடு, இல்லையென்றால் சும்மா இரு. நாலே புள்ளி இருந்துகொண்டு விளக்குப் போட்டு யாருக்கு என்ன லாபம்? வெளிச்சம் போடச் சத்து செலவாகும், ஒற்றை பாக்டீரியாவின் வெளிச்சம் எந்த மீன் கண்ணுக்கும் தெரியாது.

ஹவாய்க் கடலில் கட்டைவிரல் அளவில் ஒரு குட்டிக் கணவாய் இருக்கிறது. அதன் ஒளி உறுப்புக்குள் இன்னொரு வகை ஒளிரும் பாக்டீரியா மில்லிலிட்டருக்கு ஆயிரம் கோடி என்ற அளவில் நெரிந்து கிடக்கும், வசூல் அள்ளும், வெளிச்சம் பிரமாதம். விடிந்ததும் கணவாய் அதில் பெரும்பகுதியை, நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல், வெளியே கொட்டிவிடும். மிச்சம் உள்ளவை பகலெல்லாம் இருட்டில் பெருகி, சாயங்காலத்துக்குத் திரும்பப் புள்ளி சேர்ந்துவிடும். கொட்டப்பட்டவை பரந்த கடலில் தனித்தனியாகிப் போவதால் அணைந்துவிடும். அதே பாக்டீரியா, அதே ஜீன், கூட்டம்தான் வித்தியாசம்.

கடலே கூட்டமானால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1995 ஜனவரியில் சோமாலியாவுக்கு அப்பால் போன லிமா என்ற கப்பல், ராத்திரியில் கடல் முழுக்கப் பால் போல வெளுத்துக் கிடந்ததாகக் குறித்து வைத்தது. பத்து வருடம் கழித்து விஞ்ஞானிகள் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தோண்டி எடுத்துப் பார்த்தால், அதே இடத்தில் மூன்று ராத்திரி தொடர்ந்து 15,400 சதுர கிலோமீட்டர் ஒளிர்ந்திருக்கிறது. நம் சிவகங்கை மாவட்டத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பாற்கடலைப் பற்றிப் பாட்டும் கதையுமாகக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தபோது உடம்பு ஒரு முறை சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை.

ஆனால் கவனியுங்கள். இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் பேச்சு நடந்தது ரசாயனத்தில். வெளிச்சம் வந்தது பேசி முடித்த பிறகு. ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்மானம் போட்டு அப்புறம் வாணவேடிக்கை விடுகிறார்கள், தூரத்திலிருந்து பார்த்தவர் வாணவேடிக்கை மூலமாகத்தான் ஊர் பேசிக்கொள்கிறது என்று சொன்னால் எப்படி? மண்டபத்துக்காரர் சொன்னது அதுதான்.

இல்லை, அவர் சொன்னது இன்னொரு வெளிச்சம் என்று யாராவது மடக்குவீர்கள் என்று தெரியும். ஒளிராத பாக்டீரியா, ஈஸ்ட், வெங்காயம், நீங்கள், நான் எல்லோரும் விடுகிற, கண்ணுக்கே தெரியாத வெளிச்சம். அதற்குத்தான் வருகிறேன், அதன் கதை இன்னும் ருசி.

1923இல் ரஷ்யாவில் அலெக்சாண்டர் குர்விச் என்ற உயிரியலாளர் ஒரு வெங்காய வேரின் நுனியை இன்னொரு வெங்காய வேரின் பக்கவாட்டுக்கு நேராக, தொடாமல், துப்பாக்கி பிடிப்பது போல வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து வெட்டி, நுண்ணோக்கியில் எண்ணினார். நுனியைப் பார்த்த பக்கத்தில் செல்கள் அதிகமாகப் பிரிந்திருந்தன என்றார். நடுவில் கண்ணாடி வைத்தால் விளைவு இல்லை, குவார்ட்ஸ் வைத்தால் உண்டு. சாதாரணக் கண்ணாடி புற ஊதாவில் பெரும்பகுதியைத் தடுக்கும், குவார்ட்ஸ் விடும், எங்கள் தொழிலில் இது பழைய பாடம். ஆகவே செல்கள் மெல்லிய புற ஊதா ஒளியை அனுப்பி ஒன்றை ஒன்று "பிரி, பிரி" என்று தூண்டுகின்றன என்று முடிவு கட்டினார். மைட்டோஜெனடிக் கதிர் என்று பெயர். அப்புறம் பாருங்கள், பல நாடுகளில் ஆளாளுக்கு ஈஸ்டையும் பாக்டீரியாவையும் வைத்துச் செய்து பார்த்துக் கட்டுரை மேல் கட்டுரை. பிற்பாடு ஹோலோகிராமுக்கு நோபல் வாங்கிய டென்னிஸ் கேபர்கூட 1928இல் ரைட்டர் என்பவரோடு சேர்ந்து இதில் இறங்கியிருக்கிறார்.

அப்புறம் சரிந்தது. கவனமாகச் செய்தவர்களுக்கு வரவில்லை. 1937இல் அமெரிக்காவில் ஹாலண்டரும் கிளாஸும் நிறையச் சோதனை செய்து, நம்பும்படி ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். 1953இல் இர்விங் லாங்மியூர், அவரும் நோபல்காரர், 'நோய்பட்ட அறிவியல்' என்று ஒரு உரை ஆற்றினார். அளவிடக்கூடிய எல்லையின் விளிம்பில் நின்றுகொண்டு, பார்க்க ஆசைப்பட்டதையே பார்த்துவிடும் விஞ்ஞானிகளின் பட்டியல் அது. வெங்காயக் கதிரும் அதில் இருந்தது. எண்ணுகிறவர் எந்தப் பக்கம் நுனியைப் பார்த்தது என்று தெரிந்துகொண்டே எண்ணினால், மனசு ஒன்றிரண்டைக் கூட்டிப் போட்டுவிடும். நான் நெகட்டிவில் புள்ளி தேடும்போதே இது நடந்திருக்கிறது, அதனால் குர்விச்சைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் அயித்தைக்கு 18,500 மிச்சம். லாங்மியூர் பேசிய அடுத்த வருடமே, 1954இல், இத்தாலியில் கோலியும் ஃபக்கினியும் ஃபோட்டோமல்டிப்ளையர் குழாயை, அதாவது ஒளியின் ஒற்றைத் துகளான ஃபோட்டானையே பல லட்சமாகப் பெருக்கி எண்ணும் கருவியை, முளைவிடும் விதைகளுக்கு முன்னால் வைத்தார்கள். வெளிச்சம் வந்தது! 1974இல் ஆஸ்திரேலியாவில் குவிக்கெண்டன் என்பவரும் கூட்டாளியும் ஈஸ்ட்டில் அளந்தார்கள், பிறகு பாக்டீரியாவிலும் அளந்தார்கள். உயிருள்ள எதை முழு இருட்டில் வைத்து அந்தக் கருவியால் பார்த்தாலும் சதுர சென்டிமீட்டருக்கு வினாடிக்குச் சில ஃபோட்டானிலிருந்து சில நூறு ஃபோட்டான் வரை வருகிறது. இதில் இன்று சண்டையே இல்லை.

எங்கிருந்து வருகிறது? மூச்சு விடும் எந்தச் செல்லிலும் ஆக்சிஜன் முழுக்க ஒழுங்காக எரிவதில்லை, கொஞ்சம் சிந்தும். சிந்தியது முரட்டு ஆக்சிஜனாகிப் போய்க் கொழுப்பையும் புரதத்தையும் கடிக்கும். அந்த ரகளையில் எப்போதாவது ஒரு மூலக்கூறு கூடுதல் சக்தியோடு துள்ளி, அடங்கும்போது ஒரு ஃபோட்டானை உதறிவிடும். எளிதாகச் சொன்னால், நாள்பட்ட எண்ணெய் காறிப்போகிறதே, அதே ரசாயனத்தின் நெருங்கிய சொந்தம். காறல். இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. காரல் மீனின் வெளிச்சம் சின்ன ரகரம், நம் உடம்பின் வெளிச்சம் பெரிய றகரம். முதலாவது, விளக்குப் போடுவதற்கென்றே ஜீன் வைத்து, நொதி வைத்து, புள்ளி பார்த்துப் போடும் விளக்கு. இரண்டாவது, அடுப்பு எரியும்போது தெறிக்கும் பொறி. அயித்தைக்கு விற்றவர்கள் காரலைக் காட்டிக் காறலை விற்றிருக்கிறார்கள்.

பொறியையும் ஒரு பாஷையாக ஏன் பயன்படுத்தக் கூடாது என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஆல்பர்ட் போப் 1970களிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், பயோஃபோட்டான் என்ற சொல் பரவியதே அவரால்தான். செல்களின் ஒளி லேசர் மாதிரி ஒழுங்கு கொண்டது என்றும், அதன் வழியாக உடம்பு முழுக்கச் செய்தி போகிறது என்றும் அவர் சொன்னதைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனக்கும் ஏற்க முடியாததற்குக் காரணம் ஒரு கணக்கு. சும்மா போட்டுப் பாருங்கள். சதுர சென்டிமீட்டரில் பத்துக் கோடி பாக்டீரியா இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து வினாடிக்கு 100 ஃபோட்டான் வருகிறது. அப்படியானால் ஒரு பாக்டீரியாவின் பங்குக்குப் பத்து லட்சம் வினாடிக்கு ஒரு ஃபோட்டான், அதாவது பதினோரு நாளைக்கு மேல். சோறு நன்றாகக் கிடைத்தால் ஈ. கோலை 20 நிமிஷத்தில் இரண்டாகும். ஒரு 'வணக்கம்' சொல்வதற்குள் எண்ணூறு தலைமுறை தாண்டிவிடும். அந்த ஒற்றை ஃபோட்டானும் எந்தத் திசையில் போகும் என்று கிடையாது, பக்கத்துச் செல்லைத் தொட்டாலும் பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். அதே நேரத்தில் நன்றாக ஒளிரும் கடல் பாக்டீரியா ஒன்று வினாடிக்கு ஆயிரக்கணக்கில் ஃபோட்டான் விடுகிறது. அவ்வளவு வெளிச்சம் கையில் வைத்திருப்பவையே பேசுவதற்கு ரசாயனத்தைத்தான் நம்புகின்றன என்பதை நான் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நானும் மண்டபத்துக்காரன்தான். பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தெரியும், அது உறுதி. மாட்டுக்கும் மனிதனுக்கும் நோய் தரும் புரூசெல்லாவுக்கு நீல ஒளியை உணரும் புரதம் இருக்கிறது, வெளிச்சம் பட்டால் அதன் தொற்றும் வேகம் கூடுகிறது என்று 2007இல் காட்டினார்கள். சினெகோசிஸ்டிஸ் என்று ஒரு நீலப்பச்சைப் பாக்டீரியா, மூன்று மைக்ரோமீட்டர் உருண்டை, தன் உடம்பையே லென்ஸ் ஆக்கி, மறுபக்கத்துச் சுவரில் விழும் வெளிச்சப் புள்ளியைப் பார்த்து எந்தப் பக்கம் நகர்வது என்று தீர்மானிக்கிறது, இது 2016இல் வந்தது. உலகத்திலேயே சின்ன லென்ஸ் என்று ஸ்டுடியோ சுவரில் ஒட்டலாம் போலிருந்தது. அப்புறம் 2009இல் சுவிட்சர்லாந்தின் டேனியல் ஃபெல்ஸ், பாக்டீரியா இல்லை, பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரை இருட்டில் கண்ணாடிக் குழாய்க்குள் குழாயாக வைத்துப் பிரித்து, தொடாமலே ஒன்று மற்றொன்றின் பெருக்கத்தைப் பாதிக்கிறது, கண்ணாடியா குவார்ட்ஸா என்பதைப் பொறுத்து அது மாறுகிறது என்று எழுதினார். குர்விச்சின் வெங்காயம் திரும்ப வந்தது போலத்தான். எனக்கு அந்தக் கட்டுரை பிடிக்கும். ஆனால் வேறு வேறு கைகளில், எண்ணுபவருக்கு எது எதுவென்று தெரியாத முறையில், எப்போது செய்தாலும் வருகிறது என்ற நிலைக்கு இந்த வகைச் சோதனைகள் வரவில்லை. அனுப்புவது யார், வாங்குவது எந்த மூலக்கூறு, தூதை நடுவில் மறித்தால் பேச்சு நிற்கிறதா என்ற மூன்றுக்கும் கோரம் சென்சிங்கில் பதில் இருக்கிறது. இங்கே முதல் கேள்விக்கே தடுமாற்றம்.

மனித உடம்புக்கும் ஒரு வரி. அதே 2009இல் ஜப்பானில் கோபயாஷி குழுவினர் கேமரா சென்சாரை மைனஸ் 120 டிகிரிக்குக் குளிர்வித்து, இருட்டறையில் ஆட்களை உட்கார வைத்து, இருபது இருபது நிமிஷமாக எக்ஸ்போஸ் செய்து உடம்பின் வெளிச்சத்தைப் படமே எடுத்துவிட்டார்கள். நம் கண் பார்க்கக்கூடியதைவிட ஆயிரம் மடங்கு மங்கல். சாயங்காலம் நாலு மணி வாக்கில் உச்சம், முகத்தில் அதிகம். அழகான படங்கள். அதில் எங்கேயும் விரிப்பு இல்லை.

போன அமாவாசைக்கு அயித்தையை ஊர் வீட்டுக்கு வரச் சொன்னேன். டி.வி.எஸ். 50இல் ஐஸ் பெட்டியோடு வரும் மீன்காரரிடம் சொல்லிவைத்து, ஐஸ் படாத காரல் ஒரு கிலோ, கடல் தண்ணீர் ஒரு கேனில், எல்லாம் முதல் நாளே வந்துவிட்டது. கேனுக்கும் சேர்த்துக் காசு கேட்டார், கொடுத்தேன். மீனைக் கடல் தண்ணீரில் பாதி முங்கும்படி தட்டில் பரப்பி பழைய அடுப்படியில் ஒரு ராத்திரியும் பகலும் வைத்தேன், நாற்றம் கொஞ்ச நஞ்சமில்லை. மறுநாள் ராத்திரி கேமராவை முக்காலியில் போட்டு, எஃப் 1.8, ஐ.எஸ்.ஓ. 6400, முப்பது வினாடி என்று வைத்துவிட்டு, இரண்டு பேரும் இருட்டில் உட்கார்ந்தோம். கண் பழக இருபது நிமிஷமாவது ஆகும், அதுவரை போனைக்கூட எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

இருட்டில் சும்மா இருக்க முடியாமல் அயித்தை பேச ஆரம்பித்தார். அத்தனை பெரிய வீட்டில் அவர் ஒருத்திதான். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும். "அந்த மண்டபத்துல இருந்தானே ஒரு பய, அவன்தான் பாவம், எனக்கு எங்கெங்க வலிக்குதுன்னு ரெண்டு மணி நேரம் உக்காந்து கேட்டான். டாக்டர் ரெண்டு நிமிஷம் கேக்கல." நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியாக நானே எப்போது அவர் வீட்டுக்குப் போனேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

"ஏய், தட்டு தெரியுதுடா" என்றார் திடீரென்று.

எனக்கு இன்னும் தெரியவில்லை. எழுபத்திரண்டு வயசுக் கண்ணுக்கு என் கண்ணைவிட முன்னால் தெரிந்துவிட்டது. அப்புறம் எனக்கும் தெரிந்தது, முதலில் தட்டின் ஓரம், பிறகு ஒவ்வொரு மீனின் தொண்டைப் பக்கம், பிறகு தண்ணீரே. அயித்தை விரலை விட்டுக் கலக்கினார், கலக்கிய இடம் பிரகாசமானது. காற்று கலக்கிறது இல்லையா, பாயில் செய்ததன் தலைகீழ். "இதுக எல்லாம் சேந்து பேசுதா?" என்று கேட்டார். பேசி முடித்துவிட்டன, இது விளக்கு என்றேன், புள்ளி வரிக் கதையைச் சொன்னேன். புள்ளி வரி உடனே புரிந்தது. "அப்ப என் விரிப்புல எத்தன புள்ளி?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். விரிப்பைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன், படுத்தால் முதுகுக்கு இதமாக இருக்கிறது என்றும் சொன்னார். படம் நன்றாக வந்திருக்கிறது, அயித்தையின் விரல் நிழல் நடுவில் கறுப்பாக ஓடும்.

முடிந்ததும் அவரே எழுந்து, தடவித் தடவிப் போய், குழாயைத் திறந்து மீனை அலச ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக அணைந்தது. "கொட்டிருங்க அயித்தை, ஒரு நாள் முழுக்க வெளிய கெடந்த மீனு" என்றேன்.

"போடா, உங்க அப்பத்தா வச்சுக் குடுத்ததத் தின்னுதான் நீ வளந்த" என்றார், இருட்டுக்குள்ளிருந்து. நான் லைட்டைப் போட்டு, தட்டைப் பிடுங்கிக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்தேன்.